நாற்பதாவது காவலன்

என் பத்தொன்பதாவது வயதில் நான் ஒரு ராஜாவைக் கொன்றேன். காரணம் உளுந்து வடை. சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் நடந்தது அதுதான்.

அறுபதுகளின் கடைசி அது. காஞ்சிபுரத்தில் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். எங்கள் சொந்த ஊர் தாமல். ஏரிப் பாசனத்து நிலத்தைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு, நான் பிறப்பதற்கு முன்பே அப்பா டவுனுக்கு வந்துவிட்டார். பதினோராம் வகுப்பு முடித்த கையோடு என்னை வீட்டில் உட்கார வைத்தார்கள். என்னைவிட மூன்று வயது மூத்த அண்ணன் பியூசியில் கோட்டை விட்டுவிட்டு, அப்பா கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டே இலக்கியம் வளர்த்தான். அவனும் அவனுடைய சிநேகிதர்கள் ஆறு பேரும் சேர்ந்து மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டும். அச்சகத்துக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் புல்ஸ்கேப் தாளில் கையால் எழுதி, படம் வரைந்து, தைத்து, அட்டை போட்டு, ஒரே ஒரு பிரதி தயாரிப்பார்கள். அந்த ஒரு பிரதி வீடு வீடாகப் போகும். எங்கள் பத்திரிகைக்குப் பன்னிரண்டு வீடுகள். ஒரு வீட்டில் இரண்டு நாள். படித்தவர்கள் கடைசியில் இருக்கும் வெற்றுத் தாள்களில் அபிப்பிராயம் எழுத வேண்டும். பன்னிரண்டு வீடும் சுற்றி முடித்த பிறகுதான் எழுதினவர்கள் கைக்கு அது போகும். முதலில் கொடுத்தால் அவனவன் தன் கதையையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டு பத்து நாள் வைத்துக்கொள்வான் என்று அண்ணன் இந்தச் சட்டத்தைப் போட்டிருந்தான். அவன் போட்ட சட்டங்களில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று அப்போது நினைத்தேன்.

ஏழு பேருடைய கையெழுத்தும் கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால் எல்லாவற்றையும் அழகாகப் பிரதி எடுத்துத் தருகிற வேலை எனக்கு வந்தது. பத்திரிகையில் ஆசிரியர் என்று அண்ணன் பெயர் இருக்கும், ஓவியர் பெயர் இருக்கும், அட்டை ஒட்டினவன் பெயர்கூட இருக்கும். என் பெயர் இருக்காது. அதில் எனக்கு அப்போது வருத்தமில்லை என்று எழுத ஆசைதான். இருந்தது.

அதில் ஒரு தொடர்கதை வந்தது. எழுதியவர் அண்ணனின் சிநேகிதர்களில் ஒருவர். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். பட்டுப் புடவைக்கு டிசைன் போடுவது அவருடைய தொழில். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாகப் புள்ளி வைத்து மயிலும் மாங்காயும் வரைந்து தறிக்காரர்களுக்குக் கொடுப்பார். தப்பாகிப் போன தாள்களின் பின்பக்கம்தான் கதை எழுதினார். ஒரு பக்கத்தைத் திருப்பினால் பாதி மயில் இருக்கும், அல்லது தலையில்லாத யாளி. கதைத் தலைப்புக்குக் கீழே அவர் பெயரை மாதாமாதம் சிவப்பு மசியில் எழுதினது நான்தான். இங்கே எழுதப் போவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரும் அப்பா கடை சைக்கிளை எடுத்துக்கொண்டு திருமுக்கூடலுக்குக் கல்வெட்டு பார்க்கப் போனார்கள். ஆறு பேர் ஆற்றில் குளித்துவிட்டு வந்தார்கள். கல்வெட்டைப் பார்த்தது அவர் ஒருவர்தான் என்று அண்ணனே கேலி செய்தான். அடுத்த வாரமே முதல் அத்தியாயம் வந்துவிட்டது.

அந்த ராஜ்யத்துக்கு அவர் பெயர் வைக்கவில்லை. மேற்கே மலை, கிழக்கே கடல், நடுவில் ஏழு மதில் சூழ்ந்த ஒரு நகரம். அரசரைக் காப்பதற்கு அங்கே நாற்பதின்மர் படை என்று ஒன்று இருந்தது. நாடு முழுவதும் சலித்தெடுத்து நாற்பது பேர்தான். படையில் சேருகிற அன்றைக்குச் சொந்தப் பெயரை விட்டுவிட வேண்டும். முதலாவது காவலன், இரண்டாவது காவலன் என்று எண்தான் பெயர். அரசர் ஆயுதத்தால் இறந்தால் நாற்பது பேரும் அன்றே உயிரை விட வேண்டும். இதெல்லாம் எல்லாக் கதையிலும் வருவதுதான். ஒரு சட்டம் மட்டும் புதிதாக இருந்தது. நாற்பதின்மர் எப்போதும் அரசருக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். ஆபத்து வெளியிலிருந்து வருகிறது, ஆகவே கண் வெளியில் இருக்க வேண்டும். ஆயுள் முழுக்க அரசருக்குப் பக்கத்திலேயே இருப்பார்கள். ஆனால் அவருடைய முகத்தை ஒரு முறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். திரும்பிப் பார்த்தவன் படையை விட்டுப் போக வேண்டும்.

இந்தச் சட்டத்தைப் பிரதி எடுக்கும்போது எனக்குக் கை நின்றுவிட்டது. ஏனென்றால் அது எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிறுதோறும் நடந்துகொண்டிருந்தது.

சிநேகிதர்கள் வந்தால் நான் உள்ளே போய்விட வேண்டும். கதவை ஒரு விரல் இடுக்கு விட்டுச் சாத்தி வைப்பாள் அம்மா. அவர் வந்த முதல் நாளிலிருந்து அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார். பெண்கள் இருக்கிற வீட்டில் உள்பக்கம் பார்த்து உட்காரக் கூடாது என்று அவர்கள் வீட்டில் பழக்கியிருப்பார்கள். அதனால் இடுக்கு வழியாக எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த முதுகுதான். மற்ற ஐந்து பேரையும் அது மறைத்துவிடும். அவர்களை எனக்குக் குரலாகத்தான் தெரியும். அவரை முதுகாகத் தெரியும். வெள்ளைச் சட்டை, ஒல்லியான கழுத்து, நாளெல்லாம் டிசைன் பலகை மேல் குனிந்து குனிந்து வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதிகம் பேச மாட்டார். சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். கோபம் வந்தால் கழுத்து நிமிரும். ஒரு மனிதரின் முதுகை வைத்து இவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இப்போது வடைக்கு வருகிறேன். நான்காவது அத்தியாயம் வந்த சமயம் வீட்டில் ஏதோ விசேஷம். அம்மாவுக்கு எழுதின காகிதம், எழுதாத காகிதம் என்ற பேதமெல்லாம் கிடையாது. வடையில் எண்ணெய் வடிய, என் காகிதக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவித் தட்டில் போட்டுவிட்டாள். நான் பார்ப்பதற்குள் தாள் முழுக்க எண்ணெய் இறங்கி, பின்பக்கத்து மயில் முன்பக்கத்துக்கு வந்து எழுத்தோடு கலந்துவிட்டது. ஒரு வரி படிக்க முடியவில்லை.

"இன்னாடி இப்போ? ஒரு தாளுதானே? அதுல இன்னா தங்கத்தையா எழுதி வெச்சிருந்தாங்க?" என்றாள் அம்மா. அதையே சுருட்டி அடுப்பிலும் வைத்தாள்.

மறுநாள் பத்திரிகையைத் தைக்க வேண்டும். அண்ணனிடம் சொன்னால் தெருவே கூடுகிற மாதிரி கத்துவான். அந்த ஒரு பக்கத்தை நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதும்போது ஒன்று புரிந்தது. எனக்கு அந்த ராஜாவைப் பிடிக்கவே இல்லை. மூன்று அத்தியாயமாகச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து உபதேசம் செய்துகொண்டிருந்தார். அவரைத் தூக்கத்திலேயே சாகடித்தேன். ஆயுதம் இல்லை, ஆகவே நாற்பதின்மரும் சாக வேண்டியதில்லை, அதையெல்லாம் கவனமாகத்தான் செய்தேன். அவருடைய மகளை அரியணையில் உட்கார வைத்தேன். கடைசியாகச் சேர்ந்த நாற்பதாவது காவலனை அவளுடைய வாசலில் நிறுத்தினேன்.

செய்து முடித்த பிறகுதான் பயம் பிடித்தது. பன்னிரண்டு வீடு, இருபத்துநான்கு நாள். அதற்கப்புறம் பிரதி அவர் கைக்குப் போகும்.

அவர் படித்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, நான் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"இந்த மாசம் நம்ம கதை நல்லா வந்துக்குதுபா" என்றார் அவர், அண்ணனிடம்.

"நீதானே எழுதுன? இன்னா புதுசா சொல்ற?"

"ஆமாமா, நான்தான்."

தோள் குலுங்கியது. நான் அடுக்களைக்குள் ஓடிப்போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

அடுத்த அத்தியாயம், 'மன்னர் மறைந்து நாற்பது நாள் ஆயிற்று' என்று தொடங்கியது. அரசி இருந்தாள். வாசலில் நாற்பதாவது காவலன் இருந்தான்.

அதற்கப்புறம் நான் திருந்தவில்லை. ஒவ்வொரு மாதமும் நாலு வரி, ஐந்து வரி சேர்த்தேன். நகரத்துக்கு நடுவில் ஒரு ஏரியை வெட்டினேன், தாமல் ஏரி மாதிரி, நீளமான கரையும் மதகும் வைத்து. அவர் அடுத்த மாதம் அந்த மதகின் மேல் அரசியைத் தினமும் சாயங்காலம் உட்கார வைத்தார். நாற்பதாவது காவலன் அவளுக்கு முதுகைக் காட்டித் தண்ணீரைப் பார்த்து நின்றான். நான் அரசியைப் பேச வைத்தேன். 'காவலனே, அங்கே என்ன தெரிகிறது?' என்று கேட்டாள். காவலன் பேசக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லையே.

அதிலிருந்து கதை வேறு கதையாகிவிட்டது. காவலன் தான் பார்ப்பதையெல்லாம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறவளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான். மேற்குக் கோபுரத்து மூன்றாம் நிலையில் கிளி குஞ்சு பொரித்திருக்கிறது என்றான். வீதியில் தறிக்குப் பாவு நூல் நீட்டியிருக்கிறார்கள், இன்றைக்குக் கத்திரிப்பூ நிறம், மேகம் வந்ததால் அவசரமாகச் சுருட்டுகிறார்கள் என்றான். தேர்ச் சக்கரத்துக்குப் புதுக் கட்டை வந்து இறங்கியிருக்கிறது, அதன் மேல் நாலு ஆடுகள் ஏறி நிற்கின்றன என்றான். எனக்குக் கொஞ்ச நேரத்தில் புரிந்துபோயிற்று. அதெல்லாம் எங்கள் ஊர். வீட்டில் உட்கார வைக்கப்பட்ட ஒருத்திக்கு, வெளியில் போகிற ஒருவர், தான் பார்த்ததைக் கொண்டுவந்து கொடுக்கிறார். எனக்கு அதற்கு முன்னால் யாரும் எதையும் அப்படிக் கொண்டுவந்து கொடுத்ததில்லை.

வாசகர்கள் கொதித்தார்கள். 'போர் எங்கே?' என்று ஒருவர் எழுதினார். 'இது மெய்க்காப்பாளர் கதையா, வேடிக்கை பார்ப்பவன் கதையா?' என்று ஒரு கம்பவுண்டர். 'அரசிக்கு வேறு வேலை கிடையாதா?' என்று ஒரு வாத்தியார். எனக்கு வேறு வேலை கிடையாது என்று அவருக்கு எழுதிப் போட வேண்டும் போல் இருந்தது.

ஏக்கம் என்றால் என்ன என்று அந்த ஒன்றரை வருஷத்தில் தெரிந்துகொண்டேன். கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் ஆண்களின் முதுகாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். வைகாசி கருட சேவைக்கு அம்மாவோடு போயிருந்தேன். ஊரே திரண்டிருக்கிறது. எல்லோரும் பெருமாளைப் பார்த்து நிற்கிறார்கள், எனக்கு முன்னால் ஆயிரம் முதுகு. ஒவ்வொன்றாகத் தேடுகிறேன்.

"சாமி அங்க வருது, நீ எங்க பார்த்துக்கினு இருக்கற?" என்று அம்மா இடுப்பில் குத்தினாள். அந்த வருஷம் நான் பெருமாளைப் பார்க்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் மாகறல் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு மின்சார இலாகாவில் வேலை. நல்ல குடும்பம், எங்களைப் போல நிலத்திலிருந்து டவுனுக்கு வந்தவர்கள். சின்ன வயதில் அம்மை போட்டு என் முகத்தில் தழும்பு நின்றுவிட்டது. கன்னத்தில் கொஞ்சம், நெற்றியில் நிறைய. வந்தவர்களில் ஒரு அம்மாள் என்னை வெளிச்சத்தில் திருப்பி வைத்துப் பார்த்தாள்.

"பவுடரு போட்டா ஒண்ணும் தெரியலமா. எங்களுக்குப் பிடிச்சிக்குது" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அம்மா என் வாயைக் கிளறினாள். "இன்னாமா சொல்ற? ஊம்னு ஒரு வார்த்தை சொல்லு. உங்கப்பா நாள் பார்க்கணும்னு நிக்கறாரு."

"அடுத்த மாசம் சொல்றேன்."

"இவ பெரிய கலெக்டரு, பைலு பார்த்துட்டு அடுத்த மாசம் சொல்லுவா" என்று அம்மா திட்டிக்கொண்டே போனாள்.

அடுத்த மாதம் என்று நான் சும்மா சொல்லவில்லை. அந்த மாதப் பிரதியில், அவர் அத்தியாயத்தின் முடிவில், என் கையால் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன். ஏரிக்கரை. இருட்டுகிற நேரம். அரசி சொல்கிறாள்: 'நாற்பதாவது காவலனே, திரும்பு.'

அவ்வளவுதான். அதைச் சொல்ல எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

அதை அவருக்கு முன்னால் ஊரே படித்தது. அண்ணன் போட்ட சட்டம் அப்போதுதான் எனக்கு வலித்தது. பன்னிரண்டு வீட்டிலும் சண்டை. 'திரும்பினால் படையின் மானம் போய்விடும்' என்று வாத்தியார் எழுதினார். அதற்குக் கீழேயே, 'மானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திரும்பட்டும்' என்று ஒரு பெண்ணின் கையெழுத்து. 'இது சதி. அரசி வேடத்தில் பகைவன்' என்றார் கம்பவுண்டர். ஆசிரியராகிய என் அண்ணன் பத்திரிகையில் படிப்பது அந்த அபிப்பிராயப் பக்கங்களை மட்டும்தான். சந்தோஷத்தில் குதித்தான்.

"பன்னெண்டு வூடும் உன் கதையப் பத்தியேதான்பா எழுதிக்கிறாங்க! நாப்பதாவது ஆளு திரும்பறானா இல்லையா, எனக்காவது சொல்லு!" என்று முன்னறையில் கேட்டான்.

"அவன் கையில இல்லபா" என்றார் அவர்.

அன்றைக்கு அவர் கொடுத்துவிட்டுப் போன தாள்களை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து படித்தேன். பின்பக்கத்தில் படம் எதுவும் இல்லை. முதல் முறையாக நல்ல புதுத் தாளில் எழுதியிருந்தார். காவலன் அரசிக்குச் சொல்கிறான்:

'அரசி, தாங்கள் ஆணையிட்டால் நான் திரும்பியே ஆக வேண்டும். ஆனால் ஆணைக்குத் திரும்புகிறவன் வெறும் காவலன். அவன் தங்கள் முகத்தைப் பார்த்து யாருக்கு என்ன? நாங்கள் திரும்பக் கூடாது என்றுதான் சட்டத்தில் இருக்கிறது. தாங்கள் நடந்து வந்து என் முன்னால் நிற்கக் கூடாது என்று எங்கும் இல்லை. நான்கு அடி தூரம்தான். வருவதானால் வாருங்கள். நான் கண்ணை மூடிக்கொள்ள மாட்டேன்.'

அத்தியாயம் அங்கே நின்றது. அதற்கு மேல் எழுத வேண்டியது நான்.

அடுத்த ஞாயிறு எல்லாம் தானாகக் கூடி வந்தது. அம்மா ஒரு காது குத்துக்குப் போயிருந்தாள். அப்பா கடையில். வீட்டில் பெரியவர்கள் யாருமில்லை. முன்னறையில் ஏழு பேர், உள்ளே நான். டீயை நான் தட்டில் வைத்து நிலைப்படிக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு நாதாங்கியைத் தட்டுவேன், அண்ணன் வந்து எடுத்துக்கொள்வான். அதுதான் வழக்கம். அன்றைக்குத் தட்டை ஏந்திக்கொண்டு போய் எல்லோருக்கும் நானே கொடுத்திருந்தால் யாரும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள். அம்மா இல்லாதபோது தங்கச்சி டீ கொடுத்தாள், அவ்வளவுதான்.

நல்ல புடவை கட்டிக்கொண்டேன். கண்ணாடி பார்த்துப் பவுடர் போட்டேன். ஏழு டம்ளரையும் தட்டில் வைத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனேன். இடுக்கு வழியாக முதுகு தெரிந்தது. புதுச் சட்டை. அன்றைக்கு வலது தோள்கூட இறங்கவில்லை, அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். யாரோ ஏதோ சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். அவர் தோள் அசையவில்லை. காத்திருக்கிற முதுகு என்று எனக்குத் தெரிந்தது.

நான் நின்றேன். ஒன்றரை வருஷமாக அவர் ஒரு அரசிக்கு எழுதினார். அந்த அரசியின் முகம் எப்படி இருக்கும் என்று அவர் மனசில் ஒன்று இருந்திருக்கும். அதில் தழும்பு இருந்திருக்காது. மாகறல்காரர்கள் என்னை வெளிச்சத்தில் திருப்பி வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்றுமே ஆகவில்லை, அவர்கள் பார்த்தால் எனக்கென்ன? இவர் பார்த்து, ஒரு கணம், ஒரே ஒரு கணம் முகம் மாறினால் என்னால் தாங்க முடியாது. அப்படித்தான் நினைத்தேன். பத்தொன்பது தாண்டி இருபது நடந்துகொண்டிருந்தது எனக்கு, முட்டாள்தனத்துக்கு அது நல்ல வயசு.

"ஏய், டீ இன்னா ஆச்சு? ஆறிடப்போவுது, கொண்டா!" என்று அண்ணன் உள்ளே பார்த்துக் கத்தினான்.

தட்டைக் கீழே வைத்தேன். நாதாங்கியைத் தட்டினேன். கொல்லைக்குப் போய்விட்டேன்.

யாரும் என்னைத் தடுக்கவில்லை. இதை நான் பல விதமாக எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலம் அப்படி, சாதி அப்படி, வீடு அப்படி என்றெல்லாம். அதெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் போயிருந்தால் வந்திருக்கும், நான் அதுவரைக்கும்கூடப் போகவில்லை. கோபமெல்லாம் எனக்கு என் மேல்தான்.

மறுநாள் அந்த அத்தியாயத்தைப் பிரதி எடுத்தேன். ஒரு எழுத்து மாற்றவில்லை. ஒரு கமாவைக்கூட அவர் வைத்த இடத்திலேயே வைத்தேன். ராஜாவைக் கொன்று ஏரியை வெட்டினவள், அன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பார்த்துப் பார்த்து எழுதினேன். எழுதி முடித்துவிட்டு அம்மாவிடம் போய்ச் சரி என்று சொன்னேன். அம்மா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். எனக்கு அழுகை வந்தது, கல்யாணப் பெண்ணுக்கு வருகிற அழுகை என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிரதி பன்னிரண்டு வீடு சுற்றி அவர் கைக்குப் போயிற்று. எதுவும் சேர்க்கப்படாத அந்தப் பக்கத்தை அவர் எத்தனை முறை படித்தார் என்று தெரியாது. அதற்கடுத்த அத்தியாயம் அரைப் பக்கம்தான் வந்தது. நாற்பதாவது காவலன் எல்லைக்குப் போக விடை கேட்டான். அரசி விடை கொடுத்தாள். மறுநாளிலிருந்து மதகருகில் வேறொருவன் நின்றான். முற்றும். அதையும் நான்தான் நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

தை மாதம் கல்யாணம். சத்திரத்தில் கூட்டம் நெரிந்தது. தாலி கட்டி முடிந்து, மாலையோடு மணமேடையில் நிற்கிறோம். பரிசு கொடுக்க வரிசை நகர்கிறது. அண்ணன் மேளச் சத்தத்துக்கு மேல் மாப்பிள்ளையின் காதில் கத்தினான்: "மாப்ளே, இவங்கல்லாம் நம்ம பத்திரிகை பிரண்ட்ஸ்!"

ஆறு பேர் வரிசையாக ஏறி வந்தார்கள்.

மணப்பெண் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். நான் நிமிர்ந்தேன். ஒன்றரை வருஷத்தில் முதல் முறையாக ஆறு முகமும் எனக்கு நேராக வருகிறது. இதில் ஒருவர் அவர். நாதஸ்வரத்தில் யார் குரலும் கேட்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தார்கள். மூன்றாவதாக வந்தவர் உயரம், ஒல்லி, கண் கொஞ்சம் கலங்கின மாதிரி இருந்தது. இவர்தான் என்று என் மனசு சொல்லிவிட்டது. அவரைப் பார்த்தேன். கூச்சம், பயம், பக்கத்தில் நிற்கிற புருஷன், எதையும் நினைக்காமல் அந்த முகத்தை முழுசாகப் பார்த்தேன். மன்னிக்கச் சொல்லிப் பார்த்தேன். அவர் நகர்ந்து அந்தப் பக்கம் போன பிறகும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் நாலாவது ஆள், ஐந்தாவது ஆள், ஆறாவது ஆள் யார் யாரோ வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஆறு பேரும் பரிசைக் கொடுத்துவிட்டு இறங்குவதற்காகத் திரும்பினார்கள். அப்போது தெரிந்தது. மூன்றாவது ஆளின் முதுகு எனக்குப் பழக்கமில்லாத முதுகு. ஐந்தாவதாக வந்தவருடைய வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

என் முன்னால் வந்து நின்றிருக்கிறார். நான்கு அடிகூட இல்லை. கண்ணை மூடிக்கொள்ளாமல் என்னைப் பார்த்திருப்பார், தழும்போடு சேர்த்துப் பார்த்திருப்பார். அவர் முகம் மாறியதா, மாறவில்லையா, சிரித்தாரா, எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நான் வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போட்டோ இருக்குமே என்பீர்கள். சொந்தக்காரர்களுக்கே பிலிம் ரோல் போதவில்லை. அவர் ஆந்திராவில் தர்மாவரம் பக்கம் டிசைன் வேலைக்குப் போய்விட்டதாக அண்ணன் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னான். என் கணவர் நல்ல மனிதர், அவர் முகம் எனக்கு நாற்பது வருஷம் பழக்கம், கண்ணை மூடினால் வந்துவிடும். இன்னொரு முகத்துக்காகவும் கண்ணை மூடிப் பார்க்கிறேன். ஐந்தாவதாக வந்து கும்பிட்ட இரண்டு கைகள் வரைக்கும் வருகிறது. அதற்கு மேல் வருவதில்லை.